எர்லிந்தா லைசென்ஸ் வாங்கிய கதை

முதல் தேர்வில் எர்லிந்தா தேர்வு அதிகாரியைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, சாலையோரக் கடையில் நின்று ஸ்ட்ராபெரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்து, "போன வருஷத்து இனிப்பு இல்லையே" என்று கடைக்காரனிடம் குறைகூடச் சொல்லியாயிற்று. அப்புறம்தான் தான் எங்கே, எதற்காக வந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி, இஞ்சின் அணைந்த காரின் முன்னிருக்கையில், பெல்ட் மாட்டியபடி, மடியில் மதிப்பெண் அட்டையோடு பெட்ரோசியன் அம்மாள் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தேர்வை நடத்துகிறவர். மரத்தில் மோதியவர்களைப் பார்த்திருக்கிறார், பிரேக் எந்தக் கால் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறார். நடுவில் பழம் வாங்க இறங்கிப் போனவளை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். "நேரா போங்க, சென்யோரா" என்று அவர் தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னார். எர்லிந்தாவும் நேராகத்தான் போனாள். பக்கக் கண்ணாடியில் ஒரு போலீஸ் கார் தெரிந்தது. அதிலிருந்தவர் இவளைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கையில் ரொட்டியும் வாயில் மீதி ரொட்டியுமாகத் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ஆனால் எர்லிந்தாவின் கைகள் அவளைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்கிறவை அல்ல. வலது விளக்கு, வலது திருப்பம், கடை வாசல், பிரேக், சாவி கைப்பைக்குள், கதவு, ஸ்ட்ராபெரி. எல்லாம் சேர்ந்து எட்டு விநாடி இருக்கும்.

போலீஸைக் கண்டால் ஒதுங்கிவிடுவது பத்தொன்பது வருடப் பழக்கம். எல்லை தாண்டி, ஒக்ஸாகா மலையிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த நாள் முதல் லைசென்ஸ் இல்லாமல் வேன் ஓட்டினாள். ஒருமுறைகூட யாரும் அவளை நிறுத்தியதில்லை. ரியோ செக்கோ ஊரில் அவளைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் மனுஷியா, மாயமா என்று தோன்றும். காற்று தோதாக அடித்தால் மூன்று மைலுக்கு அப்பால் வரும் போலீஸ் காரை மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவாள். வாய்க்கால் கரை, பாதாம் தோப்பு, பால்பண்ணைப் பின்வாசல் என்று அவளுக்குத் தெரிந்த பாதைகள், அந்த நிலங்களின் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. முப்பது என்று பலகை சொன்னால் இருபத்தெட்டில் போவாள். ஹாரன் அடித்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் அவள் வேனில் ஹாரன் வேலை செய்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. பின்னிருக்கையில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கை மாட்டியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒரு பொறுப்பான தாய் என்று படவேண்டும். அதில் உட்காரக் குழந்தைதான் இல்லை. "அது பொறந்திருந்தா இந்நேரம் காலேஜ் போயிருக்கும்" என்று அவள் புருஷன் ஃபிதென்சியோ சிரிப்பான். அவளும் சிரிப்பாள். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இந்தக் கலைக்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. அவளுடையது மட்டுமல்ல, அந்த ஊரில் பேப்பர், அதாவது இந்த நாட்டில் தங்க அனுமதி, இல்லாத எல்லோருடைய சட்டமும் அதுதான். நம்மவர் ஒருவர் வழியில் மாட்டிக்கொண்டால் நிற்காதே, பார்க்காதே, கையசைக்காதே. போகிறவர் போனால் ஒரு வீடு அழும். நின்றால் இரண்டு வீடு. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் அன்றைக்கு அவன் வழிப்போக்கன். மாட்டிக்கொண்டவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அவருடைய மரியாதை.

பேப்பர் இல்லாதவர்களும் லைசென்ஸ் வாங்கலாம் என்று மாநிலம் சட்டம் போட்டுப் பத்து வருடம் ஆகிறது. ஃபிதென்சியோதான் வேண்டாம் என்றான். "நம்ம பேரு, நம்ம வீட்டு விலாசம், நம்ம கட்டைவிரல் ரேகை, நம்ம மூஞ்சி, எல்லாத்தையும் நாமளே எழுதிக் குடுத்து, வாங்க, வந்து புடிச்சுக்குங்கன்னு சொல்லணுமா, கிழவி?" என்றான். அவளும் சரி என்றுவிட்டாள். இருபத்தாறு வருடம் திராட்சையிலும் தக்காளியிலும் வெயில் குடித்துக் குடித்து அவன் சிறுநீரகம் இரண்டும் உலர்ந்த திராட்சை மாதிரி வற்றிப்போயின. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் முப்பத்தெட்டு மைல் தள்ளி ஃப்ரெஸ்னோ ஆஸ்பத்திரியில் இயந்திரம் வைத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். அடுத்தடுத்து இரண்டு தடவை தவறினால் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் எர்லிந்தா அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எண்ணுவாள். குழி மேலெழும்ப எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்பதுதான் அவளுடைய வைத்தியக் கணக்கு.

பிப்ரவரியில் அவளுடைய வேன் செத்தது. கியர் பெட்டி உடைந்து, தோப்பு நடுவில், ஒரு முனகலோடு. அப்போதிருந்து ஃபிதென்சியோவை சோன் கூட்டிப்போனான். சோன் ஊர் முழுக்க ஆள் ஏற்றுகிறவன். அவன் மகளுக்கு ஞானத்தாய் எர்லிந்தா. அதனால் அவளை கொமாத்ரே என்றும் ஃபிதென்சியோவை கொம்பாத்ரே என்றும்தான் கூப்பிடுவான். லைசென்ஸும் கிடையாது, பேப்பரும் கிடையாது, வாய்க்கும் பூட்டு கிடையாது. ஆனால் வருடா வருடம் வடக்கே வாஷிங்டனில் செர்ரி பழுத்தால் குடும்பத்தோடு அங்கே போய்விடுவான். ஆப்பிள் முடிந்து அக்டோபரில்தான் திரும்புவான். எர்லிந்தாவின் அண்ணன் மகள் பெத்ரா இங்கேயே பிறந்தவள், பல் ஆஸ்பத்திரியில் வேலை. "அத்தை, நீங்க லைசென்ஸ் வாங்குனா அந்த மூணு நாளும் என் கார் உங்களுது. இல்லாம தனியா ஓட்டத் தர முடியாது, இன்ஷூரன்ஸ் போயிடும். கோச்சுக்காதீங்க" என்று சொல்லியிருந்தாள். ஆக, செர்ரி பழுப்பதற்குள் எர்லிந்தா தேற வேண்டும். இல்லையென்றால் ஃபிதென்சியோவுக்கு ஜூன் மாதம் கிடையாது.

முதல் தேர்வு ஸ்ட்ராபெரியில் போனதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் ரோட்டில் பயிற்சி நடந்தது. பெத்ராவின் காரை எர்லிந்தா ஓட்டுவாள். பெத்ரா பின்னிருக்கையில். பெட்ரோசியன் அம்மாள் வேடத்தில் ஃபிதென்சியோ முன்னால், வைக்கோல் தொப்பி, மடியில் ரொட்டி மாவு பிசையும் பலகை. சோன் சந்தையில் வாங்கிய விளையாட்டு போலீஸ் விளக்கைத் தன் வேன் தலையில் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருவான். சிவப்பும் நீலமுமாக அது சுற்ற ஆரம்பித்ததும் எர்லிந்தாவின் மூக்கு வேர்த்துவிடும், கை வலது பக்கம் இழுக்கும்.

"நேரா போங்க, சென்யோரா" என்பான் ஃபிதென்சியோ, மூக்கால்.

"முடியலடா, கிழவா."

"நேரா. நேரா. பின்னால வர்றது சோன்டி. ரெண்டு நாளா குளிக்காத சோன்."

சோன் போனில் கத்துவான்: "கொமாத்ரே, வாய்க்காலுக்குள்ள திரும்பிடாதீங்க. எனக்கு நீச்சல் தெரியாது."

நாலாவது ஞாயிறு அவள் திரும்பவில்லை. சோன் விளக்கைச் சுற்றவிட்டு, வாயாலேயே ஊளையிட்டு, மூன்று மைல் துரத்தினான். தோப்பிலிருந்த காக்கைகள் அத்தனையும் கிளம்பி வானம் கறுத்துப்போயிற்று. அவள் அசையவில்லை. வண்டியை நிறுத்திய பிறகு வரப்பில் போய் வாந்தி எடுத்தாள். ஃபிதென்சியோ மாவுப் பலகையில் கரித்துண்டால் பெரிதாக ஒரு சரி அடையாளம் போட்டான்.

இரண்டாவது தேர்வில் போலீஸே வரவில்லை. நாலு முனைச் சந்திப்பு வந்தது. நாலு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டிய இடம். எர்லிந்தா நின்றாள். எதிரே வந்த காருக்கு வழி விட்டாள். வலது பக்கத்துக்காரருக்கு விட்டாள். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் விட்டாள். பதினொரு கார், ஒரு டிராக்டர், ஒரு சைக்கிள், கடைசியில் தெருவைக் கடப்பதா வேண்டாமா என்று முடிவுக்கு வராத ஒரு நாய்.

"உங்க முறை, சென்யோரா" என்றார் பெட்ரோசியன் அம்மாள்.

"பரவால்லம்மா. அவங்க போகட்டும்."

"அவங்க போயிட்டாங்க. இப்ப நீங்க போகணும்."

"எனக்கொண்ணும் அவசரமில்லம்மா."

அட்டையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவர், "நல்லா ஓட்டுறீங்க. ஆனா விருந்தாளி மாதிரி ஓட்டுறீங்க" என்றார். எர்லிந்தா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். "விருந்தாளின்னா சாப்பாடு போடுவாங்களேடி. கேட்டியா?" என்றான் ஃபிதென்சியோ. சிரிக்கச் சிரிக்க அவனுக்கு இருமல் வந்தது, இருமலோடு மூச்சு அடைத்தது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மூன்றாவது தேர்வு மே மாதக் கடைசி வியாழக்கிழமை. மூன்றும் போனால் மறுபடி விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, புதிய தேதி. எட்டு வாரம் ஆகும். சோன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். போதாக்குறைக்கு அந்த வாரம் ஊருக்குள் பேப்பர் இல்லாதவர்களைப் பிடித்துப் போகிறவர்களின் வண்டிகள் இரண்டு, சாம்பல் நிறம், கறுப்புக் கண்ணாடி, சுற்றுகின்றன என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை காலையில் சோன் வாசல்வரை வந்து, தலையைச் சொறிந்து, "இன்னைக்கு வேணாம் கொம்பாத்ரே. பெட்ரோல் பங்குகிட்ட நிக்கிறானுங்களாம்" என்று திரும்பிப் போய்விட்டான். ஒரு தடவை தவறியாயிற்று. புதன்கிழமை காலையில் எர்லிந்தா அழுத்திய குழி எழும்ப நாற்பது எண்ண வேண்டியிருந்தது.

"நாளைக்குக் காலம்பர, சோன்கூட ஆஸ்பத்திரிக்குப் போற வழியில மெயின் ரோட்டுல ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போறோம்" என்றான் ஃபிதென்சியோ, படுத்தபடியே.

"எதுக்கு?"

"நீ ஒன் முறையில போறத நான் பாக்கணும். பத்தொம்போது வருஷமா வாய்க்காக் கரையிலயே ஒன்கூட உக்காந்து வந்துட்டேன். ஊருக்கு நடுவுல நீ ஓட்டி நான் பாத்ததே இல்ல."

"ஒண்ணும் வேணாம். வாய்க்கா ரோட்டுலயே போங்க. சோன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"சரி" என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவன் அல்ல. அதை அவள் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அப்போது அவள் மனதுக்குள் நாலு முனைச் சந்திப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தேர்வு. பெத்ரா அலுவலக நாற்காலியில் காத்திருக்க, பெட்ரோசியன் அம்மாள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, "இன்னைக்குப் பழம் வேணுமா?" என்று கேட்டார். எர்லிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கை லேசானது. நாலு முனையில் நின்றாள். ஒரு கார் போயிற்று. எதிரே ஒரு பெரிய லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவளுடைய முறை. போனாள். லாரி அவளுக்காக நின்றது. அவ்வளவு பெரிய லாரி. பெட்ரோசியன் அம்மாளின் பேனா ஓடவில்லை. எர்லிந்தாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. வலது பக்கம் திரும்பி மெயின் ரோட்டில் ஏறினாள்.

டயர் கடைக்கு முன்னால் சோனின் வேன் நின்றது.

அதன் மூக்கை மறித்து சாம்பல் நிற வண்டி ஒன்று, பின்னால் இன்னொன்று. முகத்தைத் துணியால் மூடிய நாலு பேர். சோன் வேனின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தான். பின்னாலிருந்து பார்க்க ஏதோ வண்டியைத் தள்ளி உதவுகிறவன் போல இருந்தது. ஃபிதென்சியோ நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, ஊசி குத்திக் குத்திக் கயிறாகப் புடைத்துப்போன அந்த நரம்பை ஒருவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"நேரா போங்க" என்றார் பெட்ரோசியன் அம்மாள். குரல் தணிந்திருந்தது. அவரும் பார்த்துவிட்டார். "வேகம் அப்படியே இருக்கட்டும்."

எர்லிந்தாவின் கைகள் வலது பக்கம் இழுக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் கேட்டாள், இழு என்று கேட்டாள், கைகள் இழுக்கவில்லை. அவற்றுக்கு நிற்காதே என்ற அந்தச் சட்டம் தெரியும். கால் மிதியை அழுத்தவுமில்லை, விடவுமில்லை. முள் இருபத்தைந்தில் நின்றது. ஃபிதென்சியோ தலையைத் தூக்கினான். பெத்ராவின் நீலக் காரைப் பார்த்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் யார் என்று பார்த்தான். ஒரு கணம் அவன் முகம், மாவுப் பலகையில் கரித்துண்டால் சரி போட்டபோது இருந்த மாதிரி ஆயிற்று. பிறகு, தனக்கு வேண்டாத பஸ் வந்தால் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, முகத்தை டயர் அடுக்கின் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளும் திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியில் மட்டும் அவன் முதுகு கொஞ்ச தூரம் கூட வந்தது.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவள் ஓட்டியதுபோல் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கார் ஓட்டியதில்லை. இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதல்ல. விளக்குப் போட வேண்டிய இடத்தில் போட்டாள், தோளுக்கு மேல் பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தாள். நடைபாதையை ஒட்டிப் பின்னால் வரச் சொன்னபோது, மூன்று கார் நீளம், அளவுகோல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி வந்து நின்றாள்.

"ஒரு தப்புகூட இல்ல" என்றார் பெட்ரோசியன் அம்மாள், அலுவலக வாசலில். அட்டையைத் திருப்பிக் காட்டினார். "என் சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு மூணு பேரப் பாத்திருப்பேன். அங்க நடந்ததப் பாத்து உங்களுக்குக் கை நடுங்கும்னு நெனச்சேன், சென்யோரா. நீங்க அசையவே இல்ல."

"ஆமாம்மா" என்றாள் எர்லிந்தா.

உள்ளே பெத்ராவின் காதில் விஷயத்தைச் சொன்னாள். பெத்ரா எழுந்துவிட்டாள். "வாங்க அத்தை, இப்பவே ஓடலாம்."

"லைசென்ஸ் பேப்பரக் கையில வாங்கிட்டு."

"அத்தை..."

"அதுகூட இல்லாம அங்க போய் நின்னா என்னையும் ஏத்திக்குவாங்க. அப்பறம் அவர யாரு தேடுறது? உக்காரு."

வரிசையில் ஆறு பேர் முன்னால் நின்றார்கள். ஜன்னலிலிருந்த பெண் பெயரைச் சரிபார்த்தாள், விலாசத்தைச் சரிபார்த்தாள், "வாழ்த்துகள்" என்றாள். தற்காலிக லைசென்ஸ் என்பது ஒரு நீளத் தாள். அட்டை தபாலில் வீட்டுக்கு வருமாம். எர்லிந்தா அதை நாலாக மடித்து, சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

டயர் கடை முன்னால் சோனின் வேன் மட்டும் இருந்தது. கதவு திறந்தபடி. கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போயிட்டாங்கம்மா. எங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. பெரியவரு கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிட்டே இருந்தாரு. அவங்க என்னமோ போதை ஊசி போட்டுக்கிறவர்னு நெனச்சிட்டாங்களோ என்னவோ." கொஞ்சம் தயங்கினான். "அவங்க நேரா போயிருந்தா மாட்டியிருக்க மாட்டாங்கம்மா. பத்து நிமிஷமா இங்கயே நின்னாங்க. யாரோ வரணும், பாக்கணும்னு அந்தப் பெரியவருதான் நிக்க வெச்சாரு."

எர்லிந்தா வேனுக்குள் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். சாத்தியது சரியாகப் பதிந்ததா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

பெத்ரா யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். ஒரு எண்ணில் பாட்டு ஓடியது, ஒரு எண்ணில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றார்கள். எர்லிந்தா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"எங்க போறோம் அத்தை?"

"பத்தரைக்கு அவரு ஆஸ்பத்திரியில இருக்கணும். யாரு கொண்டுபோனாலும் அங்கதானே கொண்டாந்து விடணும்."

பெத்ரா போனைக் காதில் வைத்தபடியே பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில் எர்லிந்தா ஏறியது அதுதான் முதல்முறை. மூன்று வரிசை, இரண்டு பக்கமும் லாரிகள், அறுபத்தைந்து என்றது பலகை, அறுபத்தைந்தில் போனாள். வழியில் இரண்டு போலீஸ் கார்கள் அவளைக் கடந்து போயின. மூக்கு வேர்க்கவில்லை. எந்தச் சாம்பல் நிற வண்டி முன்னால் தெரிந்தாலும் அதை எட்டிப் பிடித்து, அதன் கறுப்புக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தாள். பெத்ரா கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. வரவேற்பில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நீலச் சட்டை போட்ட நர்ஸ் வெளியே வந்து, இவளை அடையாளம் கண்டு கோபித்துக்கொண்டாள்.

"செவ்வாக்கிழமையும் வரல, இன்னைக்கும் லேட். பதினோரு மணிக்கு மேல எடத்த இன்னொருத்தருக்குக் குடுத்துடுவேன்னு சொல்லியிருக்கேன்ல? எங்க அவரு?"

"பின்னால வர்றாரு" என்றாள் எர்லிந்தா.

"மெஷின் எல்லாம் ரெடி. நீங்களாவது உள்ள வந்து போர்வையப் போட்டு வைங்க, வாங்க."

உள்ளே இருபது நாற்காலிகள். பத்தொன்பதில் ஆட்கள் கண்ணை மூடிக் கிடந்தார்கள். ஒவ்வொருவர் கையிலிருந்தும் கருஞ்சிவப்பாக ஒரு குழாய் போய், இன்னொன்று திரும்பி வந்தது. ஜன்னலோரத்து நாற்காலி காலி. அதன் இயந்திரத்தை யாரோ ஏற்கனவே ஓட விட்டிருந்தார்கள். ஆள் வரும்வரைக்கும் என்று இரண்டு குழாய்களின் முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து மாட்டியிருந்தது. அவற்றுக்குள் நிறமில்லாத உப்புத்தண்ணீர் நாற்காலிக் கைவரை வந்து, வளைந்து, இயந்திரத்தின் சக்கரத்துக்குள் போய், மறுபடியும் நாற்காலிக் கைவரை வந்துகொண்டிருந்தது.